இரண்டு மரக்கால்கள்: தஞ்சை வயல்கள் மாறியபோது உழைத்தவர்களின் வாழ்க்கை எப்படி மாறியது?

வெண்ணாற்றங்கரையான் எழுதியது:

சென்ற மாதம் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து நெல் அளக்கும் பாத்திரங்களான இரண்டு மரக்கால்கள் கிடைத்தன. இரண்டும் இரும்புப் பட்டை கட்டிய மர மரக்கால்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்று மற்றதைவிட விரல்கடை அளவு குட்டையாக இருப்பது தெரியும். அப்பாவிடம் கேட்டேன். பெரியது குத்தகை நெல் வாங்கி அளப்பதற்கு, சின்னது ஆட்களுக்குக் கூலி அளப்பதற்கு என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நாங்கள் பெரிய மிராசு (பெருநிலக்காரர்) அல்ல. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இரண்டு வேலி (ஏறத்தாழ பதிமூன்று ஏக்கர்) நிலம் வைத்திருந்த குடும்பம். அப்படிப்பட்ட வீட்டிலும் இரண்டு அளவைகள் இருந்திருக்கின்றன என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

1934இல் மேட்டூர் அணை வந்தது, 1960களில் புதிய நெல் விதைகளும் ரசாயன உரமும் வந்தன, பிறகு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன என்று நம் டெல்டாவின் வரலாறு எழுதப்படுகிறது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை கூடியது என்பதோடு அந்த வரலாறு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தச் சின்ன மரக்காலில் கூலி வாங்கிப் போனவர்களின் வீட்டுப் பானைக்கு இந்த மாற்றங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன, அல்லது போய்ச் சேராமலே நின்றன என்பதை அறிய விரும்புகிறேன். டெல்டாவைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் எழுத வேண்டுகிறேன்.

நாற்றங்கால் எழுதியது:

நான் வேளாண்மைத் துறையில் களப்பணி செய்து ஓய்வு பெற்றவன். ஆகவே புதிய விதைகளின் பக்கம் நின்றுதான் பேசுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேட்டூருக்கு முன்பு காவிரியில் வருகிற தண்ணீர் குடகு மலையில் பெய்யும் மழையைப் பொறுத்தது. வந்தால் வெள்ளம், வராவிட்டால் வறட்சி. 1924 வெள்ளத்தைப் பற்றி என் பாட்டனார் தலைமுறை பேசாத நாளில்லை. ஆற்றுத் தலைப்புப் பகுதிகளில் குறுவை என்ற குறுகிய காலப் பயிர் முன்பே உண்டு என்றாலும், பெரும்பாலான கிராமங்களுக்குச் சம்பா ஒரு போகம்தான். ஐந்து, ஆறு மாதம் வயலில் நிற்கிற நெல். புரட்டாசியில் நடவு முடிந்தால் தை அறுப்பு வரை ஆட்களுக்குக் களையெடுப்பைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படியான வேலை இராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரை ஒழுகும். அடுப்பில் பூனை உறங்கும். அந்த இரண்டு மாதத்தில் பண்ணையிலிருந்து கடனாக வாங்கித் தின்ற நெல்லைத் தை மாதக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். ஆகவே தை மாதத்திலும் முழுக்கூலி கைக்கு வராது.

அணை வந்த பிறகு ஜூன் 12இல் தண்ணீர் திறப்பது வழக்கமாயிற்று. 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) தண்ணீரைத் தேக்கி வைக்க இடம் கிடைத்ததால், தண்ணீர் வரும் நாளை முன்கூட்டியே சொல்ல முடிந்தது. கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டு, புஞ்சையாகக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து நிலங்களிலும் நெல் விளைந்தது. 1960இல் தஞ்சை மாவட்டத்தைத் தீவிர சாகுபடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். விதை, உரம், கடன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது என்பதுதான் அதன் அடிப்படை. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் ஒட்டி உருவாக்கிய ஏ.டி.டி. 27 வந்தது. 105 நாளில் அறுப்பு. அதைக் கேட்டு வாங்க விவசாயிகள் வரிசையில் நின்றதை மூத்த அலுவலர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குறுவைப் பரப்பு வேகமாகப் பெருகியது.

இதனால் ஆட்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். ஆனி, ஆடியில் ஒரு நடவு, புரட்டாசி, ஐப்பசியில் ஓர் அறுப்பு, அதோடு சம்பா அல்லது குறுவை அறுத்த வயலிலேயே நடும் தாளடி நடவு என்று வேலை நாட்கள் கூடின. பட்டினிக் காலம் என்று பெயர் பெற்றிருந்த அதே ஐப்பசியில் கூலி நெல் வீட்டுக்கு வந்தது. தீபாவளிக்கு முன்பாக வீட்டில் நெல் இருப்பது என்பது ஒரு தலைமுறைக்கு முன்னால் அந்தத் தெருக்களில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

கீழத்தெரு எழுதியது:

அய்யா, உங்கள் பதிவில் உள்ள ஐப்பசி, கார்த்திகை பற்றிய பகுதி முழுவதும் உண்மை. என் பாட்டி சொன்னதும் அதுதான். ஆனால் வரிசை மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் தெருவின் வாழ்க்கை விதையால் முதலில் மாறவில்லை. விதை வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே விவசாயச் சங்கத்தால் மாறத் தொடங்கியது.

எங்கள் குடும்பம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாக இருந்த குடும்பம். பண்ணையாள் என்றால் கூலிக்காரர் என்று இன்றைய பிள்ளைகள் பொருள் கொள்கிறார்கள். கூலிக்காரர் நாளைக்கு வேறு வயலுக்குப் போகலாம். பண்ணையாள் போக முடியாது. திருமணத்துக்கு வாங்கிய சிறு கடன் தகப்பனிலிருந்து மகனுக்கு இறங்கும். குடிசை நிற்கும் மண்ணும் பண்ணைக்குச் சொந்தம். கோழி கூவும்போது வயலில் இறங்கி இருட்டிய பிறகு கரையேற வேண்டும். தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது என்பதை எழுதும்போது இன்றைக்கும் என் கை நிற்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அடுத்து நான் சொல்லப்போவது புரியாது.

1943இல் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்தார். தென்கன்னடத்தில் பிறந்து, தமிழைக் கற்றுக்கொண்டு, சேரியில் தங்கி, சேரியில் உண்டு, விவசாயச் சங்கம் கட்டியவர். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுத்தில் வந்தது. சங்கம் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, அரசு முத்திரையிட்ட சரியான அளவுள்ள முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பது. வெண்ணாற்றங்கரை அய்யாவின் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியிருக்கும் இரண்டு மரக்கால்கள்தான் அந்தக் கோரிக்கைக்கான காரணம். அளவையை மேல்மட்டம் வழித்துத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதற்கே களத்துமேட்டில் சண்டை நடந்திருக்கிறது. குத்தகை நெல் வாங்கும்போது குவியும். கூலி போடும்போது தலை தட்டப்படும்.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது வெளியேற்ற முடியாது, குறிப்பிட்ட கூலி தர வேண்டும் என்றது. அதற்குப் பிறகு பண்ணையாளாக வைத்துக்கொண்டால்தானே சட்டம் பிடிக்கும் என்று பல மிராசுதார்கள் ஆட்களை விலக்கிவிட்டு அன்றாடக் கூலிக்கு மாறினார்கள். என் பாட்டனார் அந்த ஆண்டுகளில்தான் பண்ணையிலிருந்து வெளியே வந்தார். யாரும் அடிக்க முடியாது என்ற நிலையும், நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத நிலையும் அவருக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

புதிய விதை வந்தது இந்த நிலையில்தான். விளைச்சல் கூடியபோது, அதை அறுத்துக் கட்டிச் சுமந்து போரடித்தவர்கள், கண் முன்னால் நெற்குவியல் உயர்வதைப் பார்த்துவிட்டு, எங்கள் பங்கு ஏன் உயரவில்லை என்று கேட்டார்கள். இது மிகவும் இயல்பான கேள்வி. கூடுதலாக அரைப்படி நெல் என்பதே கோரிக்கை. மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கி அறுத்தார்கள். அந்தப் பகை 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் எரித்துக் கொன்றதில் போய் முடிந்தது. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெல் உற்பத்தி உயர்ந்து கொண்டிருந்த ஆண்டுகளில், அந்த உயர்வு நிகழ்ந்துகொண்டிருந்த அதே வயல்களின் நடுவே இது நடந்தது என்பதை மறந்துவிட்டுப் பசுமைப் புரட்சியைப் பற்றி என்னால் பேச முடியவில்லை.

1969இல் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் இரண்டாவது சட்டத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். பட்டா கைக்கு வந்த அன்று என் பாட்டி வாசலில் ஒரு முருங்கைப் போத்து நட்டார். மரம் வைத்தால் மண்ணுக்கு உரிமை கொண்டாடுவார்கள் என்று பண்ணையில் அதுவரை எதையும் நடவிட்டதில்லை.

கிள்ளான் வாசகர் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் பிறந்த ஊர் மாயவரத்துக்குத் தெற்கே என்பதற்கு மேல் எங்களுக்கு விவரம் இல்லை. தோட்டப்புறத்தில் எங்கள் தலைமுறைக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம், ஊரில் நெல் விளைந்தது, எங்களுக்கு விளையவில்லை என்பதுதான்.

கீழத்தெரு அம்மாவின் பதிவைப் படித்த பிறகுதான் ஒன்று விளங்கியது. இங்கே ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளரான கங்காணியின் கொடுமைகளைப் பற்றி நாங்கள் நிறையக் கேட்டு வளர்ந்தோம். அப்படியிருந்தும் பாட்டனார் ஊருக்குத் திரும்ப ஒருநாளும் ஆசைப்படவில்லை. பால்மரக் காட்டில் இருந்தாலும் மாதம் பிறந்தால் காசு கையில் விழும், அந்தக் காசை எந்தக் கடையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பார். சிறுவனாக இருந்தபோது அதில் என்ன பெருமை என்று எனக்குத் தெரியவில்லை. கூலியை நெல்லாக மட்டுமே, அதுவும் கொடுப்பவரின் அளவையில் வாங்கியவருக்குத்தான் அதன் அருமை தெரியும் போலும். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபோது அந்த வழியும் அடைபட்டது. 1940களில் சங்கம் அவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு, ஓடிப்போகக் கடல்வழி இல்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்குமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

வாரக்குடி எழுதியது:

நிலம் வைத்திருந்தவர்களையும் கூலிக்கு உழைத்தவர்களையும் பற்றிப் பேசினீர்கள். நடுவில் இருந்த குத்தகைக்காரர்களை யாரும் சொல்லவில்லை. என் அப்பா கோயில் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவர். எழுத்தில் ஒன்றும் கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தில் உரமும் கடனும் தருகிறார்கள் என்று ஊரே போனபோது, சிட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிய நெல்லுக்கு உரம் போடாமல் விளையாது. உரத்துக்குக் கடன் வேண்டும். கடனுக்குத் தாள் வேண்டும். ஆகவே வட்டிக்கு வாங்கினார். பழைய சம்பாவுக்குக் கொழுஞ்சியும் பூவரசந் தழையும் மிதித்து, கோடையில் ராமநாதபுரத்து ஆட்டு மேய்ப்பர்களான கீதாரிகளை அழைத்து, உரத்துக்காக வயலில் ஆட்டுக்கிடை போட்டால் போதுமானதாக இருந்தது. வயல் கடைக்குப் போகாமலே விளைந்தது.

1969இல் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்த பிறகு அப்பாவின் பெயர் ஏறியது. பெயர் ஏறும் முன்பே வெளியேற்றப்பட்டவர்களும் எங்கள் ஊரில் உண்டு. விளைச்சல் கூடியதும், நானே சொந்தப் பயிர் வைத்துக்கொள்கிறேன் என்று நிலத்தை வாங்கிக்கொண்டார்கள்.

களத்துமேடு எழுதியது:

கூலியைப் பற்றியே பேசுகிறோம். கூலியாக இல்லாமல் வயலிலிருந்து வீட்டுக்கு வந்தவற்றைச் சேர்க்காவிட்டால் கணக்கு முழுமையாகாது. நடவு முடித்துக் கரையேறும் பெண்களின் மடியில் நண்டும் நத்தையும் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் வடியும்போது கெண்டையும் விராலும் பிடிப்பார்கள். வரப்பில் குப்பைக்கீரையும் வல்லாரையும் கிடைக்கும். அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்கும் உரிமை பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் உண்டு. எலி வளையை வெட்டினால் அதற்குள் ஒரு படி, இரண்டு படி நெல் இருக்கும். நிலமில்லாதவர்களின் புரதமும் பாதுகாப்பும் இவைதான்.

எண்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடிக்கத் தொடங்கிய பிறகு வயல் தண்ணீரில் மீன் வயிறு மேலாக மிதந்ததை என் அம்மா பார்த்திருக்கிறார். அதைப் பொறுக்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்களாம். அன்றைக்கு நின்றுபோன நண்டுக் குழம்புக்கு ஈடாக எந்தக் கூலி உயர்வும் கணக்கிடப்படவில்லை.

வைக்கோலையும் சொல்ல வேண்டும். காட்டுயானம் போன்ற பழைய நெல் ஆள் உயரத்துக்கு வளரும். அதன் வைக்கோல் மாட்டுக்குத் தீனி, குடிசைக்குக் கூரை, நெல் சேர்த்துவைக்கும் கோட்டைக்குப் பிரி என்ற வைக்கோல் கயிறு. குட்டை நெல் வந்ததும் தாள் குறைந்தது. தாள் குறைந்ததும் மாடு குறைந்தது. மாடு குறைந்ததும் சாணி குறைந்து, கடை உரம் இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

குறுவை அறுப்பிலும் ஒரு துன்பம் இருந்தது. ஐப்பசி மழையில் அறுத்த ஈர நெல்லைத்தான் கூலியாக அளப்பார்கள். ஈரத்தில் நெல் பருத்திருக்கும். காய்ந்தால் அளவு குறையும். வெயிலும் இராது. அம்மா அதைச் சட்டியில் வறுத்து, இரவோடு இரவாக உரலில் குத்தி, காலையில் கஞ்சி வைப்பார். நாற்றங்கால் அய்யா சொன்ன தீபாவளி நெல் இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தது என்பது உண்மை. அதற்காக நானும் நன்றியோடுதான் இருக்கிறேன்.

நாற்றங்கால் எழுதியது:

கீழத்தெரு அம்மாவும் வாரக்குடி நண்பரும் களத்துமேடு அவர்களும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நாங்கள் ஊருக்குப் போனால் மிராசுதார் வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். வயலை அவரோடு சுற்றிப் பார்ப்போம். விளைச்சலை எழுதிக்கொள்வோம். அறுத்துக்கொண்டிருந்தவரிடம் உங்களுக்கு இன்றைக்கு எவ்வளவு கூலி என்று நான் கேட்டதாக நினைவில்லை. கேட்க வேண்டும் என்று படிவத்திலும் இல்லை. இது என் குறை என்றே எழுதுகிறேன்.

ஆயினும் ஒன்றைத் திரும்பச் சொல்ல வேண்டும். 1960களில் அரிசி இல்லாத காலம் என்பது வெறும் பேச்சல்ல. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அவ்வளவு எடுபட்டதற்குக் காரணம் நகரத்தின் வயிறும் காய்ந்திருந்ததுதான். ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும்தான் கொடுக்க முடிந்தது. சென்னைக் குடிசைகளிலும் கோவை ஆலைத் தெருக்களிலும் வாழ்ந்தவர்களும் சாதாரண மக்களே. தஞ்சையின் கூடுதல் நெல் அவர்கள் அடுப்புக்கும் போய்ச் சேர்ந்தது. விதை தவறு செய்யவில்லை. அது விளைவித்ததைப் பங்கிட்ட முறையில்தான் தவறு என்பது என் கருத்து.

கீழத்தெரு எழுதியது:

அதை நான் ஏற்றுக்கொள்கிறேன் அய்யா. வெண்மணிக்குப் பிறகு இங்கே வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர்களும் விதையை எதிர்க்கவில்லை, நிலத்தைக் கேட்டார். 1981இல் உழுபவர் நில உரிமை இயக்கமாக, லாப்டி என்ற பெயரில் தொடங்கி, நிலத்தை விலைக்கு வாங்கி நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் உறவில் இரண்டு பேருக்கு அப்படி ஆளுக்கு ஓர் ஏக்கர் கிடைத்தது. ஓர் ஏக்கரில் பெரிய வருமானம் இல்லை. ஆனால் பிறர் வயலில் கூலி பேசும்போது அவர்களால் முடியாது என்று சொல்ல முடிகிறது. முடியாது என்று சொல்ல முடிந்ததுதான் எங்கள் தெருவில் நான் பார்த்த பெரிய மாற்றம்.

தாளடி எழுதியது:

எனக்கு முப்பது வயது. நீங்கள் சொல்லும் களத்துமேட்டை நான் சிறுவயதில் மட்டுமே பார்த்திருக்கிறேன். 2000க்குப் பிறகு செயின் போட்ட அறுவடை இயந்திரம் எங்கள் ஊர்ச் சேற்றிலும் இறங்கியது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அறுப்பும் போரடிப்பும் தூற்றலும் ஒன்றாகவே முடிந்து, நெல் வயலிலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. ஆள் இல்லை, ஆகவே கூலி நெல்லும் இல்லை. கதிர் பொறுக்கவும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அரைப்படிக்காக உயிர் கொடுத்த ஊர்களில் இன்றைக்கு நெல்லைக் கூலியாக அளக்கும் வழக்கமே பெரும்பாலும் மறைந்துவிட்டது.

இதற்கு இயந்திரத்தை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். 2012 முதல் தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கப்படவில்லை. 2020இல்தான் மறுபடியும் அந்த நாளில் திறந்தார்கள். ஆழ்துளைக் கிணறு வைத்தவர் குறுவை வைத்தார். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்தில், ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு. குறுவை இல்லாத ஆண்டுகளில் எங்கள் தெரு ஆண்கள் திருப்பூருக்குப் போனார்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். நாகை மாவட்டத்தில் அந்தத் திட்டம் முதல் கட்டத்திலேயே, 2006இல் வந்துவிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை என் அம்மா முதன்முதலில் பார்த்தது அங்கேதான். வயலில் நடவுக் கூலி உயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது எங்கள் வீட்டில் சோறு ரேஷன் அரிசியில் வேகிறது. 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. ஐப்பசிப் பட்டினி என்ற சொல்லை என் மகளுக்கு விளக்க நேரமாகும். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு மூட்டை நெல்கூட இல்லாத வீடாக எங்கள் வீடு ஆகிவிட்டதை என் அம்மாவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் பாரம்பரிய நெல்லைத் திரட்டிப் பரப்பிய நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த முறைப்படி இரண்டு கிலோ விதை வாங்கிவந்து, குத்தகைக்கு எடுத்த முக்கால் மா (ஏறத்தாழ கால் ஏக்கர்) நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா போட்டேன். அறுத்து வந்த நெல்லைக் கூடத்தில் கொட்டியபோது அம்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வெண்ணாற்றங்கரை அண்ணன் அந்த இரண்டு மரக்கால்களையும் என்ன செய்தார் என்று தெரியவில்லை. எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரையான் எழுதியது:

எறியவில்லை தம்பி. நேற்று அப்பாவை உட்கார வைத்துக்கொண்டே அளந்தேன். பெரிய மரக்காலில் நெல்லை நிரப்பி, அவர் காலத்தில் அளந்ததுபோலவே குவித்துவிட்டு, அதைச் சின்ன மரக்காலில் கொட்டித் தலை தட்டினேன். தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளி, வீட்டில் இருந்த பழைய படியில் போட்டுப் பார்த்தேன். அரைப்படி இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. படியை என் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் ஒருமுறை தாமே அளந்து பார்த்தார்.